ஆளில்லா அரங்கில் ஓடிய பந்து

2020 ஆகஸ்டு 26, புதன்கிழமை. ஐந்து மாதத்துக்கும் மேல் நின்றுபோயிருந்த மலேசிய சூப்பர் லீக் அன்று மீண்டும் தொடங்கியது. தொலைக்காட்சி முன் உட்கார்ந்தவர்களுக்கு முதலில் உறைத்தது சத்தம்தான். பந்தைப் பலமாக உதைக்கும் ஒலி கேட்டது. கோல் காவலர் தற்காப்பு ஆட்டக்காரர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. கோட்டோரம் நின்று பயிற்றுநர் போடும் அதட்டலும் கேட்டது. வழக்கமாக மேளச் சத்தத்திலும் இரசிகர் பாட்டிலும் கரைந்துபோகும் இவை எல்லாம் அன்று வீட்டு வரவேற்பறை வரை வந்தன. அரங்கில் ஆட்டக்காரர்கள், நடுவர்கள், அதிகாரிகள், ஒளிபரப்பாளர்கள், மருத்துவக் குழுவினர் தவிர வேறு யாரும் இல்லை.

அந்தப் பருவம் தொடங்கியபோது யாரும் இப்படி நினைத்திருக்க மாட்டார்கள். பிப்ரவரி 28-இல் ஜொகூர் டாருல் தாசிம், சுருக்கமாக ஜே.டி.தி, கெடாவை 1-0 என்று வென்று லீக்கைத் தொடக்கிவைத்தது. ஜொகூரில் 40,000 இருக்கைகள் கொண்ட சுல்தான் இப்ராஹிம் அரங்கம் அந்த ஆண்டுதான் பயன்பாட்டுக்கு வந்திருந்தது. நான்கு சுற்றுகள் முடிந்த நிலையில், மார்ச் 18-இல் கோவிட்-19 பரவலைத் தடுக்க நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பள்ளி, கோயில், பள்ளிவாசல், தொழிற்சாலை எல்லாம் மூடிய நாட்டில் காற்பந்துத் திடலும் மூடியது.

பார்வையாளர் இல்லாத ஆட்டத்தின் வெறுமையை அதற்கு நான்கு நாள் முன்பே ஒரு தமிழ்நாட்டு அணி அனுபவித்திருந்தது. மார்ச் 14-இல் கோவாவின் ஃபட்டோர்டா அரங்கில் இந்தியன் சூப்பர் லீக் இறுதி ஆட்டம் நடந்தது. கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணியிடம் சென்னையின் எஃப்.சி. 1-3 என்று தோற்றது. பருவம் முழுவதும் போராடி இறுதிக்கு வந்த அணியைத் தேற்றவோ, வென்ற அணியைக் கொண்டாடவோ இருக்கைகளில் ஒரு இரசிகர்கூட இல்லை. நோய் பரவும் என்று அஞ்சிக் கதவுகளைச் சாத்திவிட்டு ஆடிய ஆட்டம் அது.

மலேசிய லீக்கின் முன் அப்போது மூன்று வழிகள் இருந்தன. பருவத்தையே கைவிடலாம். 12 அணிகளும் ஒவ்வொன்றும் 22 ஆட்டம் ஆடும்படி முழு அட்டவணையையும் எப்படியாவது முடிக்கலாம். அல்லது பாதியாகச் சுருக்கலாம். லீக் நிர்வாகம் மூன்றாவது வழியை எடுத்தது. ஒவ்வோர் அணியும் மற்ற அணிகளோடு ஒரே ஒரு முறை மோதும், ஆக அணிக்கு 11 ஆட்டம். எஃப்.ஏ. கிண்ணப் போட்டி கைவிடப்பட்டது. மலேசியக் கிண்ணத்தை மட்டும் ஆண்டு இறுதிக்கு வைத்துக்கொண்டார்கள்.

ஒரே சுற்று என்பதில் ஒரு நியாயக் கேள்வி உண்டு. சொந்தத் திடலில் ஓர் ஆட்டம், எதிரணித் திடலில் ஓர் ஆட்டம் என்பதுதான் லீக்கின் அடிப்படை. ஒரு முறை மட்டும் மோதினால், ஒருவருக்குச் சொந்த ஊர் வாய்க்கும், மற்றவருக்கு வாய்க்காது. கூட்டம் நிறைந்த காலத்தில் இப்படிச் செய்திருந்தால் பெரிய சண்டையே நடந்திருக்கும். ஆனால் கூட்டமே இல்லாதபோது சொந்தத் திடலின் பலம் எவ்வளவு மிஞ்சும்? அதற்கான விடை ஜெர்மனியிலிருந்து வந்துகொண்டிருந்தது.

உலகின் பெரிய லீக்குகளில் முதலில் திரும்பி வந்தது ஜெர்மனியின் புண்டஸ்லிகா, 2020 மே 16-இல். தென்கொரிய லீக் அதற்கு ஒரு வாரம் முன்பு, மே 8-இல், தாமதமாகத் தன் பருவத்தைத் தொடங்கியிருந்தது. ஜெர்மானியர் அரங்கத்தை மூன்று மண்டலங்களாகப் பிரித்தார்கள்: திடலும் உடைமாற்றும் அறைகளும் ஒன்று, இருக்கைப் பகுதி இன்னொன்று, அரங்கின் வெளிப்புறம் மூன்றாவது. ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய நூறு பேர், மொத்தம் சுமார் 300 பேர்தான் இருக்கலாம். ஆட்டக்காரர்களுக்கு அடிக்கடி சோதனை. மாற்று ஆட்டக்காரர்கள் இடைவெளி விட்டு உட்கார வேண்டும். உலகெங்கும் மற்ற லீக்குகள் எழுதிய விதிமுறைகளில் இந்தத் திட்டத்தின் சாயல் இருந்தது. அதே மே மாதம், காற்பந்து விதிகளை வகுக்கும் ஐ.எஃப்.ஏ.பி. மன்றம், மூன்றுக்குப் பதில் ஐந்து ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளத் தற்காலிக அனுமதி தந்தது. மாதக்கணக்கில் வீட்டில் கிடந்த உடம்பை நெருக்கமான அட்டவணையில் ஓடவிட்டால் தசை கிழியும் என்ற அக்கறைதான் காரணம். தற்காலிகம் என்று வந்த அந்த விதி பிறகு நிரந்தரமாகிவிட்டது.

புண்டஸ்லிகாவில் இரசிகர் இல்லாத ஆட்டங்களில் சொந்த ஊர் அணிகளின் வெற்றி வெகுவாகக் குறைந்தது. ஐரோப்பிய லீக்குகளை ஆராய்ந்த பொருளியலாளர்கள் இன்னொன்றையும் கண்டார்கள். விருந்தாளி அணிகளுக்கு நடுவர்கள் காட்டும் மஞ்சள் அட்டைகளும் குறைந்தன. பல்லாயிரம் பேர் ஒரே குரலில் கத்தும்போது, எவ்வளவு நேர்மையான நடுவரின் கையும் சட்டைப்பைக்குச் சற்று விரைவாகவே போகிறது என்று இதிலிருந்து ஊகிக்கலாம். அந்தக் குரல் நின்றதும் கை நிதானப்பட்டது. இதை வைத்துப் பார்த்தால், இரசிகர் இல்லாத பருவத்தில் ஒரே சுற்றாக ஆடுவது மற்றக் காலங்களில் இருந்திருக்கும் அளவுக்கு அநீதி இல்லை.

ஆனால் அந்தக் குரல்தான் மலேசியக் காற்பந்தின் உயிர் என்பதை இங்குள்ள எந்தத் தமிழ்க் குடும்பத்துப் பெரியவரும் சொல்வார். 1980 ஏப்ரல் 6-இல் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் மலேசியா தென்கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற நாளை, நேரில் பார்த்தவர்கள் இன்றும் மூச்சு வாங்கச் சொல்கிறார்கள். அன்று கோல் காவலர் ஆர். ஆறுமுகம். நீண்ட கைகளால் 'ஸ்பைடர்மேன்' என்று பெயர் வாங்கியவர், 1988-இல் சாலை விபத்தில் மாண்டவர். 2016-இல் வந்த 'ஓலா போலா' படம் அந்த அணியின் கதையைத் தழுவியது. மலாய்க்காரர், சீனர், தமிழர், சீக்கியர் எல்லாரும் ஒரே பக்கம் நின்று கத்திய இடங்கள் இந்த நாட்டில் அதிகம் இல்லை. காற்பந்து அரங்கின் படிக்கட்டு அவற்றில் ஒன்று.

அந்தப் படிக்கட்டைச் சுற்றி ஒரு சின்னப் பொருளாதாரமும் உண்டு. ஆட்ட நாள் என்றால் அரங்க வாசலில் பர்கர் கடை, தண்ணீர்க் கடை, அணியின் நிறத்தில் கழுத்துத்துண்டு விற்பவர், மோட்டார் சைக்கிளுக்கு இடம் காட்டிக் காசு வாங்குபவர் என்று பலருக்கு அன்றைய கூலி அங்கே கிடைக்கும். அவர்களுக்கு ஆகஸ்டு 26 எந்தத் திறப்பும் இல்லை. லீக் திரும்பியது, அவர்கள் திரும்பவில்லை. அரங்குக்குப் போக முடியாத இரசிகருக்கு மாமாக் கடைத் திரை ஒன்றே மிச்சம். பிரிக்ஃபீல்ட்ஸின் துன் சம்பந்தன் சாலையிலோ கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ ஒரு தே தாரேக்கோடு ஆட்டம் பார்க்க, வாசலில் மைசெஜாத்ரா செயலியில் பதிவு செய்து, உடல் வெப்பத்தைக் காட்டி, இடைவெளி விட்ட மேசையில் உட்கார வேண்டியிருந்தது. அதுவும் எத்தனை வாரம் நீடிக்கும் என்று தெரியாது.

அரங்கம் காலியானதால் கிளப்புகள் திவாலாகியிருக்கும் என்றுதான் வெளியிலிருந்து பார்ப்பவர் நினைப்பார். ஐரோப்பாவின் சிறிய லீக்குகளில் நுழைவுச்சீட்டுப் பணம் இல்லாமல் பல கிளப்புகள் தத்தளித்தது உண்மை. மலேசியாவில் கணக்கு வேறு. இங்கே பெரும்பாலான அணிகளைத் தாங்கியது மாநில அரசின் பணமும், அரசு சார்ந்த நிறுவனங்களின் ஆதரவும், ஒரு சில தனியார் புரவலர்களும்தான். வாசலில் வசூலாகும் தொகை செலவில் சிறு பங்கு. அதனால்தான் பார்வையாளர் இல்லாமல் லீக்கை நடத்துவது இங்கு சாத்தியமாயிற்று. அந்தக் காரணமே மலேசியக் காற்பந்தின் நோயும்கூட. இரசிகன் காசில் நிற்காத கிளப், இரசிகன் திரும்பி வந்தாலும் நிமிராது. புரவலர் கை உதறினால் அடுத்த மாதச் சம்பளம் நின்றுவிடும்.

நோய்ப்பரவல் தொடங்கிய சில வாரங்களில் மலேசிய நிபுணத்துவ ஆட்டக்காரர் சங்கத்தின் கவலை இதுதான். ஒப்பந்தச் சம்பளத்தைக் குறைக்கலாமா, எவ்வளவு, யார் சம்மதத்தோடு என்று கிளப்புகளும் ஆட்டக்காரர்களும் பேச வேண்டியிருந்தது. ஃபிஃபாவும் இரு தரப்பும் பேசி முடிவெடுக்க வேண்டும் என்றே வழிகாட்டியது. நட்சத்திர ஆட்டக்காரரை மட்டும் நினைத்துக்கொண்டால் இது பெரிதாகத் தெரியாது. இரண்டாம் நிலை அணியில் குறைந்த சம்பளத்துக்கு ஆடி, வீட்டு வாடகையும் மோட்டார் கடனும் கட்டும் இருபத்து நான்கு வயது இளைஞரை நினைத்துப் பார்க்க வேண்டும். பருவம் கைவிடப்பட்டிருந்தால் ஒப்பந்தத்தை முறிக்க அதுவே சாக்காகியிருக்கும். பார்வையாளர் இல்லாமலாவது ஆடியது சரி என்பதற்கு இதைவிட வலுவான காரணம் இல்லை.

தமிழர்களுக்கு நெருக்கமான கிளப் ஒன்று அப்போது சூப்பர் லீக்கில் இருந்தது. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கம், அதாவது மிஃபா, கட்டிய அணி அது. 2017-இல் இரண்டாம் நிலையான பிரிமியர் லீக்கில் எம்.ஐ.எஸ்.சி.-மிஃபா என்ற பெயரில் நுழைந்து, 2019-இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரோடு சூப்பர் லீக்குக்கு உயர்ந்தது. மிஃபாவின் முகமாக இருந்தவர் டத்தோ டி. மோகன், 2020-இல் அணியின் பயிற்றுநர் கே. தேவன். தோட்டப்புறத் திடல்களிலும் தமிழ்ப்பள்ளித் திடல்களிலும் பந்து உதைத்துப் பழகிய பிள்ளைகளுக்கு நாட்டின் உச்ச லீக்குக்கு ஒரு பாதை இருக்கிறது என்று காட்டுவதே அதன் நோக்கம். மாநிலப் பெயரும் மாநில இரசிகர் படையும் இல்லாத கிளப் என்பதால் கெலானா ஜெயாவில் உள்ள அதன் அரங்கம் முன்பும் நிரம்பி வழிந்ததில்லை. நோய்க் காலத்திலும் அது ஆடியது, லீக்கில் நிலைத்தது. 2021-இல் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவரைக்கூட எடுக்காமல் முழுக்க உள்ளூர் அணியாகக் களமிறங்கியது. பணம் சுருங்கிய காலத்தில் அது துணிச்சலான முடிவு.

அண்டைத் திடலில் சிலாங்கூர். 33 முறை மலேசியக் கிண்ணத்தை வென்ற அணி, நாட்டிலேயே அதிகம். 2020-இல் அதன் பயிற்றுநர் பி. சத்தியநாதன். 2007-இல் தேசிய இளையோர் அணிக்கு மெர்டேக்கா கிண்ணம், 2010-இல் கிளந்தானுக்கு மலேசியக் கிண்ணம் என்று வென்று கொடுத்தவர். லீக் மீண்டும் தொடங்கிய சில வாரங்களிலேயே, செப்டம்பரில், சிலாங்கூர் அவரை விலக்கியது. பார்வையாளர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பயிற்றுநரின் நாற்காலி ஆடத்தான் செய்தது. சிலாங்கூரின் இஃபெடாயோ ஒலுசேகுன் 12 கோல்களோடு அந்தப் பருவத்தின் அதிக கோல் அடித்தவரானார். 2023-இல் சத்தியநாதன் காலமானபோது, கட்சி மாநிலம் பார்க்காமல் காற்பந்து உலகம் முழுவதும் அவருக்கு அஞ்சலி செலுத்தியது.

ஜே.டி.தி ஒரு தோல்வியும் காணாமல் 2020 லீக்கை வென்றது. தொடர்ந்து ஏழாவது பட்டம். ஆனால் அந்த அணிக்கும் நோய் ஒரு கதவை அடைத்தது. ஆசிய சாம்பியன்ஸ் லீக்கின் மீதமிருந்த ஆட்டங்கள் கத்தாரில் நடக்கவிருந்தன. வெளிநாட்டுப் பயணத்துக்கு மலேசிய அரசு அனுமதி தரவில்லை, ஜே.டி.தி போட்டியிலிருந்து விலகியதாகக் கொள்ளப்பட்டது. அந்தப் போட்டியை நடத்தும் ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் (ஏ.எஃப்.சி.) தலைமையகம் இருப்பதே கோலாலம்பூர் புக்கிட் ஜாலிலில்தான்.

லீக் அக்டோபரில் முடிவதற்கும் கிள்ளான் பள்ளத்தாக்கு மீண்டும் பூட்டப்படுவதற்கும் இடையில் அதிக நாள் இல்லை. அக்டோபர் 9 முதல் கிள்ளான் மாவட்டத்துக்கும், 14 முதல் சிலாங்கூர், கோலாலம்பூர், புத்ராஜெயா முழுவதுக்கும் நிபந்தனைக்குட்பட்ட நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. முழு 22 ஆட்டப் பருவத்தை இழுத்துப் பிடித்திருந்தால் அது பாதியில் அறுந்திருக்கும். அந்த வகையில் சுருக்கியவர்களின் கணிப்பு பலித்தது. மலேசியக் கிண்ணத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை. நவம்பர் தொடக்கத்தில் முதல் சுற்று ஆட்டங்கள் நடந்தன, பிறகு அனுமதி கிடைக்காமல் போட்டி கைவிடப்பட்டது. 1921-இல் 'எச்.எம்.எஸ். மலாயா' போர்க்கப்பல் அளித்த கிண்ணத்தில் தொடங்கிய போட்டி அது. இரண்டாம் உலகப் போரையும் அதையொட்டிய ஆண்டுகளையும் தவிர்த்தால், இடையறாமல் வந்த மரபு. ஒரு சுற்று ஆடவிட்டுப் பிறகு நிறுத்தியதற்குப் பதில், முன்பே தெளிவான முடிவு சொல்லியிருக்கலாம். அணிகளின் பயணம், தங்குமிடம், சோதனை என்று ஆன செலவாவது மிஞ்சியிருக்கும்.

2020-இல் ஆடலாமா என்ற கேள்விக்கு ஓரளவு எளிதாக ஆம் என்று சொல்ல முடிந்தது. அந்த ஆகஸ்டில் தொற்று எண்ணிக்கை மிகக் குறைவு. 2021 அப்படியில்லை. அந்த ஆண்டு ஜூன் 1-இல் நாடே முழுமையாக முடக்கப்பட்டது. வேலை இழந்த வீடுகள் உதவி கேட்டு வாசலில் வெள்ளைக் கொடி கட்டின. கிள்ளானின் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையில் நோயாளிகளுக்குப் படுக்கை போதவில்லை. நின்றிருந்த லீக் அந்த நிலைமையில்தான் பூட்டிய கதவுகளுக்குள் மறுபடி ஆடத் தொடங்கியது. 2020-இல் லீக் திரும்பிய அதே தேதி, ஆகஸ்டு 26-இல், 2021-இன் ஒருநாள் தொற்று 24,599. நாட்டில் பதிவான உச்சங்களில் ஒன்று அது.

அப்போது பலர் கேட்ட கேள்வி நியாயமானது. பக்கத்து வீட்டில் வெள்ளைக் கொடி, இங்கே பந்தா? உறவினரின் உடலைக்கூடப் பார்க்க முடியாமல் எரியூட்டிய குடும்பங்களின் முன், தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு மட்டும் என்ன சலுகை? இதற்கு ஒரே சொல்லில் பதில் இல்லை. ஆனால் அன்று காற்பந்து யாருடைய மருத்துவப் படுக்கையையும் பறிக்கவில்லை. கூட்டத்தைச் சேர்க்கவும் இல்லை. சோதனை செய்யப்பட்ட சில நூறு பேர் தங்கள் வேலையைச் செய்தார்கள். தொழிற்சாலைகள் பல இயங்க அனுமதிக்கப்பட்டு, தொற்றுக் கொத்துகள் அங்கே உருவான காலம் அது. அதோடு ஒப்பிட்டால் திடலின் ஆபத்து சிறிது. குறை சொல்ல வேண்டியது வேறொன்றை. வாரயிறுதி உதைபந்து ஆடும் பிள்ளைகளுக்கான திடல்கள் மாதக்கணக்கில் பூட்டியே கிடந்தன. தொழில்முறை லீக்குக்கு விதிமுறை எழுதிய அக்கறையில் பாதியாவது, பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் பாதுகாப்பாக ஓடியாட வழி காண்பதற்குச் செலவிடப்பட்டிருக்க வேண்டும். இழந்த அந்த இரண்டு ஆண்டுகள் அவர்களுக்குத் திரும்பி வராது.

புக்கிட் ஜாலில் தேசிய அரங்கில் 2021 நடுவில் மக்கள் திரண்டது தடுப்பூசிக்காக. 1998 காமன்வெல்த் விளையாட்டுக்காகக் கட்டிய அந்த அரங்கம் பெரும் தடுப்பூசி மையமாயிற்று. அக்டோபர் 11-இல், பெரியவர்களில் 90 விழுக்காட்டினர் தடுப்பூசி போட்டு முடித்ததும், மாநிலம் விட்டு மாநிலம் போகத் தடை நீங்கியது. நவம்பர் 30-இல் அதே அரங்கில் மலேசியக் கிண்ண இறுதியாட்டம் நடந்தது, வரையறுக்கப்பட்ட எண்ணிக்கையில் இரசிகர்கள் முன்னிலையில். ஒரு பக்கம் ஜே.டி.தி, மறுபக்கம் கோலாலம்பூர் சிட்டி. கோலாலம்பூர் சிட்டி யார்? சுருக்கப்பட்ட 2020 பருவத்தில் இரண்டாம் நிலை லீக்கில் மூன்றாவதாக வந்த அணி. இரண்டாவதாக வந்தது திரங்கானுவின் துணை அணி என்பதால் அதற்கு உயர்வு இல்லை, வாய்ப்பு கோலாலம்பூருக்கு வந்தது. குரோஷியப் பயிற்றுநர் போஜான் ஹோடாக்கின் அந்த அணி, ஸாஃப்ரி யாஹ்யா, பாவ்லோ ஜோசுவே ஆகியோரின் கோல்களால் 2-0 என்று வென்றது. 1989-க்குப் பிறகு தலைநகருக்கு முதல் மலேசியக் கிண்ணம். அடுத்த ஆண்டு ஏ.எஃப்.சி. கிண்ண இறுதி வரை போய், 2022 அக்டோபர் 22-இல் ஓமானின் அல்-சீப் அணியிடம் புக்கிட் ஜாலிலில் 0-3 என்று தோற்றது.

2022 ஏப்ரல் 1-இல் நாடு எண்டமிக் கட்டத்துக்கு மாறியது. அரங்குகள் திறந்தன, மேளங்கள் வந்தன, பர்கர் கடைகளும் வந்தன. ஆனால் ஃபெல்டா யுனைடெட் 2020 பருவத்தோடு லீக்கைவிட்டே போயிருந்தது. பெட்டாலிங் ஜெயா சிட்டி, நோயின் மூன்று பருவங்களையும் தாக்குப்பிடித்து, இரசிகர்கள் திரும்பி வந்த 2022-இன் முடிவில் சூப்பர் லீக்கிலிருந்து விலகிக்கொண்டது. இந்தியர் சங்கம் ஒன்று வளர்த்து உச்ச லீக் வரை கொண்டுசென்ற அணியின் பயணம் நான்கு பருவங்களில் முடிந்தது. கிண்ணம் வென்ற கோலாலம்பூர் சிட்டியின் பெயரும் பின்னாளில் சம்பள பாக்கிச் செய்திகளில் அடிபட்டது. நிரம்பிய அரங்கத்திலும் அந்தப் பழைய கணக்கு தீரவில்லை. ஆட்டக்காரர் சங்கம் இன்றும் மாதச் சம்பளம் மாதத்தில் வர வேண்டும் என்றே கேட்டுக்கொண்டிருக்கிறது.